கயிறு பிடிக்கிற அண்ணனுக்குக் காது மிஷின்

எங்க அண்ணன் லட்சுமணனுக்குக் காது கேக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சிது. கூடப் பொறந்தவ நான். கட்டுன புருசனப் பாறையில தொங்கவிட்டு, அண்ணன் கையில கயித்தக் குடுத்தவ நான். எனக்குத்தான் கடைசியில தெரியணுமா? இப்ப நெனச்சாலும் கோவம் கோவமா வருது.

கயிறுன்னா இன்னான்னு மொதல்ல சொல்லிட்றேன். எங்க நெல்லிவாசல்நாட்டு மலையில சாமை வெதைப்போம், புளி உலுக்குவோம், சித்திரை பொறந்தா தேன் எடுப்போம். பொந்துத் தேன் இல்ல, பாறைத் தேன். செங்குத்தான பாறையில பாதி ஒசரத்துல மொறம் மொறமாத் தேனடை தொங்கும். மேலேர்ந்து கயித்துல எறங்கித்தான் அறுக்கணும். எங்க வூட்டுக்காரரு சடையன் அதுல கெட்டிக்காரரு. அவருக்குக் கயிறு பிடிக்கிறது எங்க அண்ணன். எங்கள்ல அதுதான் மொற. பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும், பங்காளி கயித்துப் பக்கமே போகக்கூடாது. பங்காளின்னா நெலத்துக்கு ஆசப்பட்டு கைய விட்டாலும் விட்ருவான். மச்சான் விடமாட்டான், விட்டா தாலி அறுக்கிறது அவன் தங்கச்சியாச்சே. மச்சான் இல்லாதவன் பாறையில எறங்கறதே இல்ல. எனக்குக் கூடப் பொறந்தது ஒரே அண்ணன்.

பாறை மேல அவங்க ரெண்டு பேருதான் போவாங்க. பொம்பள ஏறுனா சாமி குத்தம். நாங்கள்லாம் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும். பாறை நடுவுல வவுறு தள்ளிக்கினு நிக்கிறதால, எறங்குன ஆளு மேல இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. கயித்தச் சுண்டிக் காட்டலாம்னா, விளிம்புல அழுந்திக் கெடக்குற கயித்துல கீழ சுண்டுறது மேல போய்ச் சேராது. அதனால கூவல்தான். ஒரு கூவல்னா எறக்கு. ரெண்டுன்னா நிறுத்திப் பிடி. மூணுன்னா ஏத்து. கேக்காத காத வச்சிக்கினு ஒருத்தன் மேல குந்தியிருந்தா, கீழ தொங்கறவன் கதி இன்னா ஆவும்? நீங்களே சொல்லுங்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பதுக்கு மேல ஒரு வருசம், புளி உலுக்குற காலம். எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளி குப்பன் மரத்து மேல இருந்தான். அண்ணன் அடியில புளி பொறுக்கிக்கினு இருந்தான். கெளை முறிய ஆரம்பிச்சிது. "லட்சுமணா, தள்ளு, தள்ளு!"ன்னு குப்பன் தொண்ட கிழியக் கத்தறான். நானும் கத்தறேன். எங்க அண்ணன் பாட்டுக்கு ஒவ்வொரு புளியாப் பொறுக்கிக் கூடையில போட்டுக்கினு இருக்கிறான். கெளை அவன் முதுக ஒட்டி வந்து விழுந்துச்சி. மண்ணு அதிர்ந்தப்பறம்தான் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு, கெளையப் பாக்காம என் மொகத்தப் பாத்தான் பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சி போச்சி.

எறங்கி வந்த குப்பன் சிரிக்கிறான். "உனக்குத் தெரியாதா? காய்ச்சல்ல படுத்து எழுந்ததுலேர்ந்து அவனுக்குக் காது அடைச்சிப் போச்சி. செவிடன் காதுல சங்கு ஊதுன கததான்."

எனக்குச் சிரிப்பா வரும்? அண்ணன் காய்ச்சல்ல படுத்து ரெண்டு வருசம் ஆச்சி. ரெண்டு சித்திரை போயிருக்குது. ரெண்டு வாட்டியும் எங்க வூட்டுக்காரரு அந்தரத்துல தொங்கிக்கினு, செவிட்டு ஆளப் பாத்துக் கூவியிருக்காரு.

அண்ணன இழுத்து வச்சி, மொகத்துக்கு நேரா நின்னு கேட்டேன். "இன்னாண்ணா இது? எப்படிண்ணா பிடிச்ச?"

"பாறையில கொஞ்சம் கேக்குது சுந்தரம். மீதி பழக்கம். எவ்ளோ நேரத்துக்கு எவ்ளோ கயிறு விடணும்னு கைக்கே தெரியும்"னான்.

அடப்பாவி! என் தாலி இவன் குத்துமதிப்புல ஆடிக்கினு இருந்திருக்குது.

வூட்டுக்குப் போய் புருசன்கிட்ட, இந்த வருசம் எறங்க வேணாம்னு கெஞ்சினேன். மனுசன் அசையல. "மச்சான் பிடிச்சா பிடிச்சதுதான். நான் எறங்கலன்னா, லட்சுமணன் கை போச்சின்னு ஊரு பேசும். அந்தாளு நாண்டுக்கினு செத்துப் போவாரு."

"நீங்க விழுந்து செத்தா?"

"வாயக் கழுவு"ன்னாரு. அதோட பேச்சு முடிஞ்சிது. ரெண்டும் ரெண்டு கழண்ட கேசு. ஒருத்தன் மானத்த ஒருத்தன் காப்பாத்த, நடுவுல நான் ஒருத்தி தூக்கம் கெட்டுத் திரிஞ்சேன். கண்ண மூடுனா பாறைதான் வரும். கோழி கூவுனாக்கூட ஒண்ணா ரெண்டான்னு எண்ணுவேன்.

போளூர் பக்கம் அடிவாரத்துல கிறிஸ்தவங்க நடத்துன ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்துச்சி. அங்க மதலேனாள்னு ஒரு நர்சம்மா. காது மிஷினு தானமா வந்திருக்குதுன்னு யாரோ சொல்லக் கேட்டு, அண்ணன ஜீப்புல ஏத்தி இட்டுக்கினு போனேன். அந்தம்மா அவன் காதப் பாத்துட்டு, மேசை மேல மூணு மிஷின எடுத்து வச்சாங்க. எல்லாம் யாரோ போட்டுக் கழட்டுனது.

மொதல்ல மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக் காம்புக்குள்ளயே மிஷினு இருக்குதாம். அத மாட்டுனதும் எங்க அண்ணன் பள்ளிக்கூடத்து வாத்தியாராட்டம் ஆயிட்டான். ஆனா குனிஞ்சா மூக்குலேர்ந்து வழியுது. கண்ணு நல்லா இருக்கிறவனுக்குக் கண்ணாடி எதுக்குன்னு அவனே கழட்டி வச்சிட்டான்.

ரெண்டாவது பெட்டி மிஷினு. தீப்பெட்டியவிடப் பெருசு. நெஞ்சுல வச்சிக்கணும், அதுலேர்ந்து ஒரு ஒயரு மேல போயி காதுல சொருகுற குமிழுல முடியும். மூணாவது காதுக்குப் பின்னால மாட்டுறது, அவரங்கொட்ட கணக்கா. ஒயரும் இல்ல, பெட்டியும் இல்ல.

மதலேனாளம்மா நிதானமா சொன்னாங்க. "பெட்டியில சத்தம் ஜாஸ்தி. திருகும் பெருசு, உங்க வெரலுக்குத் தோதாயிருக்கும். பேட்டரிக் கட்டை செங்கத்துல, போளூர்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும். தீர்றப்ப சத்தம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், தெரிஞ்சிக்கலாம். பின்னால மாட்டுறது ஒண்ணத்துலயும் இடிக்காது, பேசறவங்க குரலு சுத்தமா கேக்கும். ஆனா அதுக்குப் பொத்தான் கட்டை, வேலூருக்குப் போனாத்தான் உண்டு. அது தீந்தா சொல்லாம கொள்ளாம தீந்துடும். வேர்வ பட்டாலும் ஆவாது. ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. வூட்ல, காட்ல, சந்தையில போட்டுப் பாருங்க. எது ஒத்து வருதோ அத வச்சிக்கினு இன்னொண்ணத் திருப்பிக் குடுங்க."

பெட்டியோட குமிழக் காதுல சொருகித் திருகுனாங்க. நான் "அண்ணா"ன்னேன். சும்மா மெதுவாத்தான் சொன்னேன். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. "உன் குரலு இப்படி இருக்கும்னு மறந்தே போச்சி சுந்தரம்"னான். நான் அங்கயே குந்தி அழுதுட்டேன். சந்தோசமும் பயமும் கலந்து வந்தா அழாம இன்னா பண்றது?

வூட்டுக்கு வந்தா மொத சிக்கலு, பெட்டிய எங்க வைக்கிறது? டவுன்காரங்க சட்டப் பையில வச்சிக்குவாங்க. எங்க அண்ணன் சட்டையக் கண்ணாலம் காட்சிக்குத்தான் போடுவான், மத்தபடி ஒரு துண்டுதான். பழைய பொடவையில ஒரு சுருக்குப்பை தச்சிக் கழுத்துல மாட்டிவுட்டேன். பை நெஞ்சுல ஒரசுனா அவனுக்குக் காட்டுத்தீ எரியிற சத்தமாம். சாமை குத்துனா மண்டைக்குள்ள குத்துதாம். செங்கம் சந்தையில ஏலக்காரன், மாடு, லாரி எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே எரைச்சல், திருகக் கொறச்சிட்டான். ஆனா ஒண்ணு, பெட்டியக் கையில எடுத்து எதிராளி வாய்கிட்ட நீட்டுனா சொல்லுக்குச் சொல்லு கேட்டுது. ஊரே வந்து அவன் நெஞ்சப் பாத்துக் குனிஞ்சி பேச ஆரம்பிச்சிது. குப்பன் தெனம் ஒரு கும்புடும் போட்டுட்டுப் பேசுவான், கொழுப்பெடுத்தவன்.

காதுக்குப் பின்னால மாட்டுறது வேற தினுசு. ஒரசலு இல்ல. ஜனங்க மூஞ்சியப் பாத்துப் பேசுனாங்க. கையி ரெண்டும் சும்மா இருந்துச்சி, ஏர் பிடிக்கலாம், வெறகு வெட்டலாம். ஆனா தலையில துண்டக் கட்டுனா கீச்சுன்னு விசிலடிக்கும். காட்டு வேர்வையில கொரகொரன்னு ஆயிடும். கட்டைய மாத்தறப்ப ஒரு நாள் சாமை உமியில தவறவிட்டுட்டான். பாதி உமியப் பொடச்சிப் பாத்துத்தான் எடுத்தோம். அன்னிக்கு அவன் கையப் பாத்தேன். கயிறு பிடிச்சிப் பிடிச்சி தடிச்சிப்போன வெரலுங்க. அந்தப் பொட்டுக் கட்டைய அதால பிடிக்க முடியல.

வூட்டுக்குப் பெட்டிதான் நல்லதுன்னு எனக்கே தெரிஞ்சிது. ஆனா வூடா என் கவல?

எங்க கொல்லைக்குப் பின்னால ஒரு மேடு. சித்திரை பொறக்கறதுக்கு முன்ன, அவன மேல மரத்தடியில குந்தவச்சி, நிஜக் கயித்தையே குடுத்து, கீழ சாமை மூட்டையக் கட்டித் தொங்கவுட்டு நான் கூவிப் பாத்தேன். பெட்டிய மாட்டிக்கினு இருந்தான். கயிறு பிடிக்கிறவன் அத மரத்துல சுத்தி, நெஞ்சோட அணைச்சித்தான் விடணும். கயிறு பெட்டி மேலயே ஏறி ஓடுது. "ஒண்ணும் கேக்கல, மரம் அறுக்கிற சத்தம்தான் கேக்குது"ன்னான். பெட்டிய முதுகுப் பக்கம் தள்ளுனோம், ஒயரு கயித்துல மாட்டிக் குமிழு காதுலேர்ந்து பிடுங்கிக்கினு வந்துட்சி.

காதுக்குப் பின்னால மாட்டுறதப் போட்டான். கூவுனேன். ஒண்ணுக்கு எறக்குனான், ரெண்டுக்கு நிறுத்துனான், மூணுக்கு ஏத்துனான். மறுபடி மாத்தி மாத்திக் கூவுனேன். ஒண்ணுகூடத் தப்பல. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சி. ஆனா தேனீக்காகக் கம்பளி போத்துவாங்களே? கம்பளிய இழுத்ததும் மிஷினு கீச்சுன்னு கத்துச்சி. "இந்தக் காத மட்டும் வெளிய விட்டுக்கிறேன். கொட்டுனா கொட்டட்டும்"னான். அப்ப எனக்குத் தோணாதது ஒண்ணு இருக்குது. அது பேட்டரிக் கட்டை.

தேன் அறுக்குற அன்னிக்கு விடியற வெளிச்சத்துல அவங்க ரெண்டு பேரும் மேல போனாங்க. நானும் குப்பனும் கீழ நின்னோம். எங்க வூட்டுக்காரரு கையில பச்சத்தழப் பந்தம் பொகைய, விளிம்பத் தாண்டி எறங்குனாரு. ஒரு கூவல், கயிறு எறங்குச்சி. இன்னொரு கூவல், இன்னும் எறங்குச்சி. ரெண்டு கூவல், டக்குன்னு நின்னுச்சி. கேக்குதுடா சாமி, கேக்குதுன்னு மாரியாத்தாளுக்குக் கையெடுத்துக் கும்புட்டேன்.

ரெண்டு அடை அறுத்துக் கூடையில எறக்கிட்டாரு. மூணாவது அடையில கை வைக்கிறப்ப காத்து திரும்புச்சி. பொகை வேற பக்கம் ஓடிப்போச்சி. தேனீங்க கறுப்பா எழும்பி அவரு மேல அப்பிக்கிச்சி. அவரு மூணு கூவல் கூவுனாரு. கயிறு அசையல.

திரும்ப மூணு. அசையல. பந்தம் கையிலேர்ந்து கீழ விழுந்துச்சி. அவரு ஒரு கையால மூஞ்சிய மூடிக்கினு பாறைய ஒதைக்கிறாரு, ஏறப் பாக்கறாரு. மேலேர்ந்து தொய்வ இழுத்துக் குடுத்தாத்தான ஏற முடியும்? அவரு கத்தறது கூவலாவே இல்ல, மாடு கத்தறாப்பல ஆயிட்சி.

"குப்பா, ஓடுடா மேல!"ன்னேன்.

"நான் பங்காளி. கயித்துகிட்ட நான் போகக்கூடாதே!"ன்னு அழறான் அவன்.

"உன் மொறைல இடி விழ!"ன்னு சொல்லிட்டு நான் ஓடுனேன். சாமியும் தெரியல, குத்தமும் தெரியல. முள்ளு கிழிச்சது, கால் இடறுனது ஒண்ணும் தெரியல. கூவல் நின்னுடுச்சா, காத்துல எனக்குக் கேக்கலியா, அதுவும் தெரியல. அந்தப் பயத்த எப்படிச் சொல்றது? பொணத்த ஏத்தறதுக்குத்தான் போறோமோன்னு நெனச்சிக்கினே ஏறுனேன்.

மேல போயிப் பாத்தா எங்க அண்ணன் கயித்த மரத்துல சுத்தி, நெஞ்சோட அணைச்சி, வேர்ல கால முட்டுக் குடுத்து குந்திக்கினு இருக்கிறான். வெளிய விட்ட காது ஈ கொட்டி வடையாட்டம் வீங்கிப் போயிருக்குது. அந்தக் காத விளிம்புப் பக்கம் திருப்பி, கண்ண இடுக்கி, மூச்சுகூட விடாம கேட்டுக்கினு இருக்கிறான். மிஷினு செத்துப் போச்சின்னு அவனுக்குத் தெரியாது. கீழ மாப்ள சத்தம் போடாம அடை அறுக்கிறாருன்னு நெனச்சிக்கினு, ரெண்டு கூவலுக்கு நிறுத்துனவன் நிறுத்துன எடத்துலயே பிடிச்சிக்கினு இருக்கிறான். செத்துப்போன மிஷினும் சத்தமில்லாத பாறையும் அவனுக்கு ஒண்ணுதான்.

தோளப் பிடிச்சி உலுக்குனேன். "நீ ஏன் மேல..."ன்னு ஆரம்பிச்சவன் மூஞ்சிக்கு நேரா மூணு வெரலக் காட்டுனேன். அவன் மொகம் வெளுத்துப் போனத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இழுத்தான். நானும் பின்னால பிடிச்சி இழுத்தேன். கீழ கனம் இருந்துச்சி, ஆனா உசுரு இருக்குதா தெரியல. அப்பறம் கயிறு லேசாச்சி, ஆளு கால ஊனி ஏற்றாருன்னு கைக்குத் தெரிஞ்சிது.

விளிம்புல வந்த மூஞ்சிய எனக்கே அடையாளம் தெரியல. கண்ணு ரெண்டும் மூடிப்போச்சி. கையால தடவி அண்ணன் தோளப் பிடிச்சிக்கினு, "மச்சான், கூவுனேனே மச்சான்"னாரு.

அவரு வாய் அசையறதப் பாத்து அண்ணன் புரிஞ்சிக்கினான். "கேக்கல மாப்ள. எனக்குக் காது கேக்காது"ன்னான். ரெண்டு வருசத்துல அவன் வாயால அத அன்னிக்குத்தான் சொன்னான்.

எங்க வூட்டுக்காரரு ஒரு வாரம் படுத்த படுக்கை. நான் பாறை ஏறுனதுக்கு ஊர்ல கூட்டம் போட்டாங்க, சாமிக்குச் சேவல் அறுக்கச் சொன்னாங்க, அறுத்தேன். காதுக்குப் பின்னால மாட்டுறத மதலேனாளம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டோம். "கட்டை தீந்தா சொல்லாதுன்னு சொன்னேனேம்மா"ன்னு அவங்க தலையில கைய வச்சிக்கினாங்க. வூட்டுக்கு, சந்தைக்கு, நல்லது கெட்டது பேச அண்ணனுக்குப் பெட்டிதான்னு ஆச்சி. வருசக்கணக்கா கழுத்துல சுருக்குப்பையோடதான் திரிஞ்சான்.

பாறைக்கு எந்த மிஷினும் ஆவாது. இனிமேலாவது இந்த மனுசன் விடுவாருன்னு பாத்தேன். அடுத்த சித்திரை பொறந்ததும் கயித்த எடுத்து எண்ணெ போட்றாரு! கத்துனேன், அழுதேன், சோறாக்காமப் படுத்துக்கினேன். கடைசியில அவரு சொன்னாரு. "கயிறு மச்சான் பிடிக்கட்டும். நீ பக்கத்துல குந்திக் கேட்டுச் சொல்லு. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

போனேன். அண்ணன் பெட்டியக் கழட்டித் தள்ளி வச்சிட்டு, கயித்த அணைச்சிக்கினு குந்துனான். நான் விளிம்புகிட்டப் படுத்துக்கினு, ஒரு கையால அவன் தோளப் பிடிச்சிருந்தேன். எங்க வூட்டுக்காரரு எறங்கி மறஞ்சாரு. ஒரு கூவல். தோள ஒரு வாட்டி அமுக்குனேன். கயிறு எறங்குச்சி.

அப்பறம் காத்து வந்துச்சி. ஓடைச் சத்தம், எலச் சத்தம், ஈ எரைச்சல், எல்லாத்துக்கும் அடியில ஒரு கூவல். கூடவே இன்னொண்ணு வந்த மாதிரி இருந்துச்சி. கூவலா, காத்தா? ஒண்ணுன்னா எறக்கணும், ரெண்டுன்னா நிறுத்தணும். நல்ல காது எனக்கு, ஊசி விழுந்தாக் கேக்கும். ஆனா அங்க ஒண்ணும் பிடிபடல. அண்ணன் என் மொகத்தையே பாத்துக்கினு இருந்தான்.

"தெரியலண்ணா"ன்னேன். அழுகையே வந்துட்சி.

அவன் கோவிச்சிக்கல. "இங்க அப்படித்தான் இருக்கும். தெரியலன்னா விடாத, பிடிச்சிக்கினு இருப்போம். மறுபடி கூவுவாரு"ன்னான்.

ரெண்டு வருசம் இவன் இந்தப் பயத்தோட தனியா இங்க குந்தியிருந்தான்னு அப்பதான் எனக்குப் பட்டுது. அப்பறம் கீழேர்ந்து தெளிவா வந்துச்சி, ரெண்டு. நான் அவன் தோள ரெண்டு வாட்டி அமுக்குனேன். அவன் கயித்த மரத்துல இன்னொரு சுத்து சுத்திப் பிடிச்சிக்கினான்.